வேலை, வீடு, எம்.பி.ஏ.: கொழும்பில் படிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கப்பல்துறை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. முப்பத்தேழு வயதில், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு, வார இறுதி எம்.பி.ஏ. ஒன்றில், அதாவது வணிக நிர்வாக முதுமாணிப் படிப்பில், சேர்ந்து படித்து முடித்தேன். அன்றிலிருந்து அலுவலகத்திலும், பள்ளிக்கூட வாசலிலும், கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு நிற்கும் வரிசையிலும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில்கள் அல்ல இவை. அதனால் எழுதுகிறேன்.

உண்மையில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேண்டும்?

விளம்பரத்தில் "சனி, ஞாயிறு மட்டும்" என்று இருக்கும். அது விரிவுரை நேரம். படிப்பின் நேரம் வேறு.

இலங்கையில் உயர்கல்வித் தகைமைகளை எஸ்.எல்.கியூ.எஃப். என்ற சட்டகம் 12 மட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதுமாணிப் பட்டங்கள் அதில் 9ஆம், 10ஆம் மட்டங்களில் வருகின்றன. 9ஆம் மட்டத்துக்குக் குறைந்தது 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்த 10ஆம் மட்டத்துக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல்: விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆய்வுப் பகுதிக்கு ஒரு கிரெடிட்டுக்கு 100 மணி.

இப்போது கணக்குப் போடுங்கள். 60 கிரெடிட் என்றால் குறைந்தது 3,000 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் 104 வாரம். வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணி. சட்டகத்தின் கணக்கு அப்படி. என் அனுபவத்தில் சாதாரண வாரம் ஒன்றில் 18 மணி போதுமாக இருந்தது, பரீட்சைக்கு முந்திய வாரங்களில் 30ஐயும் தாண்டியது. பத்து மணியில் முடித்தேன் என்று யாராவது சொன்னால், அவருடைய குழுவில் இருந்தவர்களிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பயண நேரம் இதில் சேரவில்லை. கொட்டாஞ்சேனையில் இருப்பவர் சனி காலை நுகேகொடைக்குப் போய் வருவதையும், மாலையில் 138 பஸ் ஹைலெவல் வீதியில் ஊர்ந்து வருவதையும் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த 18 மணி எங்கிருந்து வரும்?

யாரோ ஒருவருடைய கையிலிருந்து வரும். இந்த முழுப் பக்கத்திலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நித்திரையைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். இரண்டு மாதத்துக்குத் தாக்குப் பிடிக்கலாம். அதற்குப் பிறகு அந்த நேரம் கணவரிடமிருந்து, மனைவியிடமிருந்து, பிள்ளைகளிடமிருந்து, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமிருந்து எடுபடும். கேட்டு எடுக்கிறோமா, கேட்காமல் எடுக்கிறோமா என்பதில்தான் வீட்டின் நிம்மதி இருக்கிறது.

நான் விண்ணப்பம் நிரப்பிய இரவு என் கணவர், "நீர் படியும், வீட்டை நான் பாக்கிறன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். "என்னென்ன பாப்பீங்கள் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இருவரும் எழுதத் தொடங்கினோம். சனி காலை 7.30 முதல் மாலை 5.30 வரை அம்மா வகுப்பு. மதியச் சாப்பாடு அப்பா. மகளை நடன வகுப்புக்குக் கூட்டிப்போவது அப்பா. திங்கள், புதன் இரவு மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்பா. ஞாயிறு அறநெறிப் பாடசாலைக்குக் கூட்டிப்போவது நான். எழுதி முடித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம்.

காலையில் மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்கு முன்னால் நின்று முழுக்க வாசித்தார். "பிள்ளை, இதில என்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை. அப்ப மிச்சமெல்லாம் என்ர தலையிலயோ?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் உண்மை அதுதான். நாங்கள் எழுதாமல் விட்ட எல்லா மணித்தியாலத்தையும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் 2 மணியிலிருந்து நான் வீடு திரும்பும் 6.30 வரை, மாமி ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தார். அன்றே தாளைக் கழற்றி மாற்றி எழுதினோம். வெள்ளி மாலை மாமி கோயில், அந்த நேரம் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாட்டுக்குக் கடை இடியப்பமும் வீட்டுச் சொதியும், மாமி அடுப்படிக்கு வர வேண்டாம். இரண்டு வருடத்தில் அந்தத் தாளை ஏழு தடவை மாற்றினோம். அது இல்லாமல் நான் முடித்திருக்க மாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போயா நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு பௌர்ணமி விடுமுறை இலங்கையில் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் உண்டு. அதை ஒப்படை எழுதும் நாளாக வைத்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்தேன், என் வகுப்பில் பலர் அப்படித்தான் செய்தார்கள். மூன்றாம் மாதம் மகள் அந்தத் தாளில் "போயா: அம்மா எங்களுக்கு" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு போயா நாளில் நான் புத்தகம் திறக்கவில்லை. பதிலுக்கு வாரத்தில் நான்கு நாள் அதிகாலை 4.30க்கு எழும்பினேன். காலி வீதியில் வாகனச் சத்தம் தொடங்குவதற்கு முன், கடற்கரைப் பக்கத்தால் முதல் ரயில் போகும் சத்தத்தோடு, ஒன்றரை மணித்தியாலம். அந்த ஒன்றரை மணி இரவு மூன்று மணித்தியாலத்துக்குச் சமம்.

'எக்சிகியூட்டிவ்' என்று பெயரில் இருந்தால் என்ன வித்தியாசம்?

உலகின் முதல் எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ.யை 1943இல் சிக்காகோ பல்கலைக்கழகம் தொடங்கியது. வேலையை விடாமல் படிக்க வேண்டிய அனுபவமுள்ள முகாமையாளர்களுக்கு என்பதே அதன் யோசனை. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பதுதான் அங்கே வழக்கமாக இருந்ததால் தனிப் பெயர் தேவைப்பட்டது. கொழும்பில் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலான எம்.பி.ஏ.க்கள் வேலைக்குப் போகிறவர்களுக்காக வார இறுதியிலோ மாலையிலோதான் நடக்கின்றன. ஆகவே பெயரைப் பார்க்காமல் மட்டம் என்ன, எத்தனை கிரெடிட், எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். உங்களோடு வகுப்பில் இருக்கப்போகிறவர்கள் யார் என்பது அந்தக் கடைசி விடயத்தில்தான் தெரியும். வங்கிக் கிளை முகாமையாளர், மருத்துவர், ஆடைத் தொழிற்சாலை உற்பத்திப் பொறுப்பாளர், இராணுவ அதிகாரி என்று பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்களிடம் நான் கற்றது புத்தகத்தில் கற்றதை விடக் குறைவில்லை.

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கே படிக்கலாம்?

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதிப் பீடம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம், அதனோடு இணைந்து பொரளைப் பக்கம் இயங்கும் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம், அதாவது எல்லோரும் 'பிம்' என்று சொல்லும் இடம். களனி, மொறட்டுவை. தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்கள் மொறட்டுவையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சனிக்கிழமையைக் கொடுக்கவே முடியாதவர்களுக்கு நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம், பொதுநலவாய நாடுகளின் கூட்டுத் திட்டமான எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ.யைத் தொலைக்கல்வி முறையில் நடத்துகிறது. இவை தவிர, பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை இங்கே நடத்தும் தனியார் நிறுவனங்கள் பம்பலப்பிட்டியிலிருந்து ராஜகிரிய வரை நிறைய உண்டு.

எது சிறந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து எது கிட்ட என்று முதலில் பாருங்கள். இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடமாக இருந்தால் வருடத்துக்கு நூறு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம்.

வெளிநாட்டுப் பட்டம் இங்கே செல்லுபடியாகுமா?

வார்ட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைந்நூலிலோ அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்க்கும். நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். கொழும்பில் வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இராது, பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, வரவேற்பு மேசையில் சொன்னதை நம்பிப் பணம் கட்டினார். பிறகு அரச துறை வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்த போதுதான் அந்தப் பட்டம் ஏற்கப்படாது என்று தெரிந்தது. இரண்டு வருட உழைப்பு. அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. எழுத்தில் உறுதி வாங்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

எனக்கு முதல் பட்டம் இல்லை, சீமா (CIMA) என்ற கணக்கியல் தகைமையும் அனுபவமும் இருக்கிறது. சேரலாமா?

பல இடங்களில் சேரலாம். முழுமையான தொழில்சார் தகைமையையும் போதிய அனுபவத்தையும் ஏற்கிறார்கள். அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த நுழைவுப் பரீட்சையும் நேர்முகமும் வைக்கும்.

செலவை எப்படித் திட்டமிடுவது? கடன் எடுக்கலாமா?

கட்டணம் எந்த நாணயத்தில் என்பதுதான் முதல் கேள்வி. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபாயைச் சுற்றி இருந்தது. மே மாதம் 360. அதாவது 1,000 டொலர் தவணை ஒன்று, இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமானது. சம்பளமோ அதே ரூபாயில் அப்படியே நின்றது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணத்தைத் தவணையாகக் கட்டிக்கொண்டிருந்த பலர் அந்த வருடம் படிப்பை நிறுத்தினார்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, எந்தத் திகதியில், எந்த மாற்று விகிதத்தில் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கடனுக்கும் அதே வருடம்தான் பாடம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்களின் மாதத் தவணை கிடுகிடுவென ஏறியது. நிலையான வட்டி கிடைத்தால் அதை எடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. ஊழியர் சேமலாப நிதியிலிருந்து எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இடையில் 30 சதவீதம் எடுக்கும் வசதி வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை.

என் கட்டணத்தில் பாதி மாமி கட்டிய சீட்டில் வந்தது. அந்தச் சீட்டைப் பற்றிக் கீழே இன்னொரு பதிலிலும் வரும்.

கம்பனி பணம் கட்டுகிறது. அதில் ஏதும் சிக்கல் உண்டா?

ஒப்பந்தத்தை வாசியுங்கள். எத்தனை வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும், அந்த வருடம் சேர்ந்த நாளிலிருந்தா, முடித்த நாளிலிருந்தா, இடையில் விலகினால் முழுத்தொகையா, மிச்சக் காலத்துக்கான தொகையா. இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கம்பனி கட்டாவிட்டாலும், சனிக்கிழமை வேலை நேரத்தைப் பற்றி உங்கள் மேலாளரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பல பாடநெறிகளில் 80 சதவீத வரவு கட்டாயம். மாத முடிவுக் கணக்கும் பரீட்சையும் ஒரே வாரத்தில் விழத்தான் செய்யும்.

நான் உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம். ஆங்கிலத்தில் சமாளிக்க முடியுமா?

இந்தக் கேள்வியை மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கொழும்புக்கு வேலைக்கு வந்த எத்தனையோ தம்பி, தங்கைகள் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்த ஒன்றுமில்லை. முடியும். முதல் பருவம் கஷ்டம். வாசிக்கும் வேகம்தான் பிரச்சினை, விளங்கும் சக்தி அல்ல. 20 பக்கச் சம்பவ ஆய்வு ஒன்றை மற்றவர் ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும்போது உங்களுக்கு மூன்று மணி ஆகும். ஆறு மாதத்தில் அது ஒன்றரையாகும்.

உங்களிடம் இருக்கும் தமிழை மூடி வைக்காதீர்கள். எங்கள் குழுவில் மட்டக்களப்புத் தம்பி ஒருவர் இருந்தார். தேறிய நிகழ்காலப் பெறுமதி என்ற பாடத்தில் தடுக்கி நின்றார். எதிர்காலத்தில் வரும் பணத்தை ஏன் ஒரு வீதத்தால் குறைக்க வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஒப்படை எழுத எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மேசையில் மாமியின் சீட்டுக் கொப்பி கிடந்தது. பத்துப் பேர், மாதம் பத்தாயிரம், ஒரு இலட்சம் ரூபாய்ச் சீட்டு. இரண்டாம் மாதம் ஒருவர் அவசரத்துக்கு 18,000 கழிவு கூறி 82,000க்கு எடுத்திருந்தார். "ஏன் ஒரு இலட்சத்தை விட்டுப்போட்டு எண்பத்திரண்டுக்கு எடுத்தவர்?" என்று தம்பியிடம் கேட்டேன். "இப்ப காசு தேவை, கடைசி மட்டும் நிக்க ஏலாது" என்றார். சொன்னவர் அப்படியே நின்றார். பாடப்புத்தகத்திலும் அது கழிவு வீதம்தான். அந்தப் பரீட்சையில் அவர் என்னை விடக் கூடுதல் புள்ளி.

எழுதிப் பழக நூலகத்துக்குப் போங்கள். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தைக்காரருக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் உண்டு. வீட்டில் இடமில்லாதவர்களுக்கு ஒரு மேசையும் அமைதியும் கிடைப்பதே பெரிய உதவி.

குழு ஒப்படைகளில் சிலர் வேலையே செய்வதில்லை. என்ன செய்வது?

முதல் வாரத்திலேயே பேசுங்கள், கடைசி இரவில் அல்ல. சிலவேளை அவருக்கு வீட்டில் ஒரு நோயாளி இருப்பார். கேட்டால்தான் தெரியும். அடுத்த ஒப்படையில் அவர் உங்களைத் தாங்குவார். காரணமில்லாமல் ஒதுங்குபவருக்கு அடுத்த பருவத்தில் குழு கிடைக்காது.

எந்த வருடத்தில் தொடங்குவது நல்லது?

பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும் வருடம் வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை நம் வீடுகளை எப்படி ஆட்டிவைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மகனுக்காக நான் ஒரு வருடம் பிந்தினேன், அதில் ஒரு நட்டமும் இல்லை. சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளை என்றால் பிள்ளையிடமே கேளுங்கள். அம்மாவும் படிக்கிறாள் என்பது சில பிள்ளைகளுக்குத் தெம்பு, சிலருக்குப் பாரம்.

படிக்கும் காலத்தில் குழந்தை பிறந்தால் பருவம் ஒன்றைப் பிற்போட அனுமதி கேட்கலாம். சட்டப்படியான 84 நாள் பிரசவ விடுமுறையைப் படிப்புக்கு வாய்த்த நேரமாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். அது உங்கள் உடம்புக்கும் குழந்தைக்கும் உரிய நாட்கள்.

நடுவில் முடியாமல் போனால் எல்லாம் வீணா?

இல்லை. எஸ்.எல்.கியூ.எஃப். சட்டகத்தில் 20 கிரெடிட்டுக்குப் பட்டப்பின் சான்றிதழும் 25 கிரெடிட்டுக்குப் பட்டப்பின் டிப்ளோமாவும் இருக்கின்றன. பல பாடநெறிகள் அந்த இடத்தில் இறங்கிக்கொள்ள விடுகின்றன. சேரும்போதே இதைக் கேட்டுவையுங்கள்.

முடித்தால் சம்பளம் கூடுமா?

அரச நிறுவனங்களிலும் வங்கிகளிலும் பதவி உயர்வின்போது முதுமாணிக்கு மதிப்பு உண்டு. தனியார் துறையில் சான்றிதழைப் பார்த்ததும் சம்பளம் ஏற்றும் முதலாளியை நான் காணவில்லை. கூடினாலும், வருமான வரியின் உச்ச வீதம் 36 சதவீதம் என்பதை நினைவில் வைத்துக் கையில் வரும் தொகையைக் கணக்கிடுங்கள்.

எனக்குக் கிடைத்தது வேறு. முன்பெல்லாம் இலாப நட்டக் கணக்கைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு என் வேலை முடிந்தது என்று இருப்பேன். படிப்பின் இரண்டாம் வருடம் ஒரு கூட்டத்தில், இலாபம் காட்டும் ஒரு பிரிவு ஏன் காசுக்குத் திண்டாடுகிறது என்று விளக்கினேன். வாடிக்கையாளரிடமிருந்து 90 நாளில் காசு வருகிறது, நாம் 30 நாளில் கொடுக்கிறோம், அந்த 60 நாளையும் வங்கிக் கடன் சுமக்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. அன்றிலிருந்து அந்தக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

படிப்பது நானல்ல, என் கணவர். நான் என்ன செய்ய வேண்டும்?

இதைக் கேட்டவர் தெகிவளையில் இருக்கும் ஒரு தங்கை, கைக்குழந்தையோடு. என்னிடம் வந்த கேள்விகளில் மிக நியாயமானது இதுதான்.

அவருடைய விரிவுரை அட்டவணையும் பரீட்சைத் திகதிகளும் உங்கள் கையிலும் இருக்க வேண்டும், முடிகிற மாதம் உட்பட. எந்த நேரத்தை நீங்கள் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள், எது உங்களுடையது என்றும் எழுதுங்கள். வாரத்தில் மூன்று மணித்தியாலமாவது குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போங்கள், பரீட்சை வாரத்திலும். குழுவினரை வீட்டுக்கு அழைப்பதென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி அவரே போட வேண்டும். நீங்கள் பிற்காலத்தில் ஏதாவது படிக்கவோ தொழில் தொடங்கவோ நினைத்திருந்தால் அதையும் அந்தத் தாளிலேயே, அவர் முடிக்கும் மாதத்துக்கு அடுத்த வரியில், வருடம் போட்டு எழுதுங்கள்.